குறைவாக அறியப்பட்ட வைன்: அறியவிடாமல் செய்தது யார்?

பிரெஞ்சு சிவப்பு வைன் எண்டு சொன்னால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வாயில் வரும். ஒன்று போர்தோ. மற்றது பேர்கண்டி. வைனைக் கையால் தொடாதவர்களுக்கும் படங்களாலும் நாவல்களாலும் இந்த இரண்டும் தெரிஞ்சிருக்கும். காஓர், கயாக், மதிரான், மோர்கோன், கோர்பியேர் எண்டு சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஊரா, ஆளா எண்டே விளங்காது. இவையும் பிரெஞ்சுச் சிவப்பு வைன்கள்தான். வைன் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து 'குறைவாக அறியப்பட்டவை' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

'அறியப்பட்ட' என்பது செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினையில் ஒரு வசதி இருக்கிறது: செய்தவர் ஒளிஞ்சு கொள்ளலாம். இந்த வைன்கள் ஏன் அறியப்படாமல் போயின எண்டு கேட்டால் வழமையான பதில், 'ருசி அவ்வளவு காணாது, அதனாலதான்' என்பது. வரலாற்றைப் புரட்டினால் வேறு ஆட்கள் அகப்படுகிறார்கள். ஒரு துறைமுக நகரம், ஒரு கோமகன், ஒரு புகையிரதப் பாதை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, கடைசியாக ஒரு குடியேற்ற நாடு. நாக்கின் தீர்ப்பு என்று நாங்கள் நினைக்கிற கனக்க விஷயங்களை இவர்கள்தான் முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள்.

புகழ்பெற்ற தரவரிசையே இதற்குச் சாட்சி. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியனின் அரசு போர்தோ வைன்களுக்கு ஒரு பட்டியல் கேட்டது. போர்தோவின் வைன் தரகர்கள் ஐந்து படிகளில் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் புதிதாக ஒரு சுவைப் போட்டி நடத்தவில்லை. சந்தையில் எந்தத் தோட்டத்து வைன் நீண்டகாலமாக என்ன விலைக்குப் போனதோ அதைப் பார்த்து அடுக்கினார்கள். அந்தப் பட்டியல் சில சில்லறை மாற்றங்களோடு இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. அன்றைய விலை இன்றைய 'தரம்' ஆகிவிட்டது. சரி, அந்த விலை எப்படி வந்தது?

துறைமுகம் யாருடையதோ

வரைபடத்தில் தென்மேற்கு பிரான்ஸைப் பாருங்கள். கரோன் ஆறு போர்தோ நகரத்தைத் தாண்டி அத்திலாந்திக்கில் விழுகிறது. அதன் கிளையாறுகள் லோத், தார்ன். லோத் கரையில் காஓர். தார்ன் கரையில் கயாக். இரண்டும் மிகப் பழைய வைன் ஊர்கள். பாரமான பீப்பாய்களைக் கடலுக்குக் கொண்டுபோக ஆற்றை விட்டால் வேறு வழி இல்லை. ஆறு போய்ச் சேருவதோ போர்தோவுக்கு.

1152இல் அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலெனோர், இரண்டு வருசத்தில் இங்கிலாந்தின் மன்னனாகப்போகிற ஹென்றியைத் திருமணம் செய்தாள். அதோடு போர்தோ ஆங்கில முடிக்குக் கீழே வந்தது. 1453 வரை, மூன்று நூற்றாண்டு, அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தின் தாகம் போர்தோவின் சந்தை ஆனது. போர்தோ வணிகர்களும் நிலக்காரர்களும் இந்த நெருக்கத்தைப் பாவித்துச் சில சலுகைகளை வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் முக்கியமானது: ஆற்றின் மேற்பகுதியில் இருந்து வருகிற வைன், நவம்பர் 11, அதாவது புனித மார்ட்டின் திருநாள் வரைக்கும் போர்தோவுக்குள் வரக்கூடாது. பிறகு இந்தத் தடை நத்தார் வரைக்கும் நீட்டப்பட்டது.

ஒரு மாதம் பிந்தினால் என்ன குடிமுழுகிப் போகுமா எண்டு தோன்றலாம். அந்தக் காலத்தில் தக்கை அடைத்த கண்ணாடிப் போத்தல் இல்லை. வைன் பீப்பாயில்தான் இருந்தது. அடுத்த கோடைக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் புது வைனுக்குத்தான் விலை. வடக்கிலிருந்து கப்பல்கள் இலையுதிர் காலத்தில் வந்து நிரப்பிக்கொண்டு போய்விடும். நத்தாருக்குப் பிறகு வருகிற காஓர்க்காரனுக்கு மிஞ்சுவது வெறுந்துறையும், மீதிப் பணத்தோடு பேரம் பேசுகிற வியாபாரியும்தான். இது போதாதென்று போர்தோ அளவுப் பீப்பாயை மேல்நாட்டார் பாவிக்கவும் தடை இருந்தது. பீப்பாயைக் கண்டதும் எந்த ஊர் எண்டு தெரியவேணும் என்பதுதான் நோக்கம்.

ஆங்கிலேயர் போனபிறகும் சலுகை போகவில்லை. பிரெஞ்சு மன்னர்கள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். 1776இல் பதினாறாம் லூயியின் அமைச்சர் துர்கோ ஒரு கட்டளையால் ஒழிக்கும்வரை, ஐந்நூறு வருசத்துக்குக் கிட்ட இந்தத் தடை நின்றது. இதற்குள் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. காஓர் வைன் நிறம் கடுமை. 'கறுப்பு வைன்' என்றே அதற்குப் பெயர். வெளிறிப்போன போர்தோ வைனுக்கு நிறமும் உடம்பும் கொடுக்க வியாபாரிகள் அதைக் கலந்தார்கள். விற்றது போர்தோ என்ற பெயரில். தன் பெயரில் வரத் தடை, மற்றவன் பெயருக்குள் கரைந்து வரத் தடையில்லை.

மரபணு ஆய்வு இதற்கு ஒரு பின்குறிப்பு எழுதியிருக்கிறது. காஓரின் திராட்சை மால்பெக். போர்தோவின் பெருமைகளில் ஒன்று மெர்லோ. 2009இல் வெளியான ஆய்வின்படி இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். மால்பெக்கின் தந்தை புருனுலார் என்ற, கயாக் பக்கத்துப் பழைய திராட்சை. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டில் ஒன்று துறைமுகத்தில் வளர்ந்தது. மற்றது ஆற்றின் மேல்பகுதியில் வளர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் எண்டு சொன்னால் அது மிகை. ஆனால் அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுச் சுவையை மட்டும் கதைக்கவும் முடியாது.

கோமகனின் வெறுப்பு

இரண்டாவது ஆள் பேர்கண்டியின் கோமகன், துணிவர் பிலிப். 1395 யூலையில் அவர் ஒரு கட்டளை போட்டார். கமே என்ற திராட்சையை நாட்டிலிருந்து பிடுங்கி எறியவேணும். அந்தக் கொடியை நம்பிக்கைத் துரோகி என்ற பொருளில் திட்டி, அதன் வைன் மனித உடலுக்குக் கேடு என்றும் எழுதினார். ஒரு செடி எப்படித் துரோகம் செய்யும்?

1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. கமே சீக்கிரம் பழுக்கும், அதிகம் காய்க்கும், பினோ நுவாரைப் போல நொய்ந்த சாதி இல்லை. குடியானவர்களுக்கு அது பிழைக்கும் வழி. கோமகனுக்கோ பேர்கண்டி வைனின் பெயர் அரசியல் சொத்து. அரசவைகளுக்கும் பாப்பரசரின் சபைக்கும் போகிற பொருள் மலிந்துபோகக் கூடாது. ஆக, இது ருசியைப் பற்றிய சண்டை போலத் தெரிந்தாலும், ஆள் பற்றாக்குறையான ஒரு காலத்தில் நிலத்தில் என்ன நடுவது என்பதை யார் தீர்மானிப்பது என்ற சண்டை.

கமே அழியவில்லை. தெற்கே போஜோலே மலைச்சரிவுகளில், பினோ நுவாரைவிட அதற்கு நன்றாக ஒத்துக்கொள்கிற கருங்கல் மண்ணில் நிலைத்தது. 1999இல் வந்த மரபணு முடிவு கோமகனுக்குக் கிடைத்திருந்தால் முகம் எப்படிப் போயிருக்கும் எண்டு யோசிக்கிறேன். கமேயின் பெற்றோர் இரண்டு. ஒன்று கூவே என்ற, ஏழைகளின் மட்டமான வெள்ளைத் திராட்சை. மற்றது பினோ. துரோகி என்று துரத்தப்பட்டது அரண்மனைப் பிள்ளைதான். பேர்கண்டியின் விலையுயர்ந்த வெள்ளை வைனைத் தருகிற ஷார்தொனேயும் இதே பெற்றோருக்குப் பிறந்தது. ஷார்தொனேக்கு யாரும் கட்டளை போடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கமேக்கு வேறு ஒரு தலைவலி வந்தது. ஒவ்வொரு நவம்பரும் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க வெளிவருகிற 'போஜோலே நுவோ' என்ற புது வைன். விளம்பரம் ஓகோ எண்டு போனது. விளைவாக, போஜோலே என்றால் இரண்டு மாதத்தில் குடித்து முடிக்கிற இலேசான சாமான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மோர்கோன், பிளூரி, மூலான்-ஆ-வோன் போன்ற ஊர்களின் நீடித்து நிற்கக்கூடிய வைன்கள் அந்த இரைச்சலில் அமுங்கின. மோர்கோனில் மார்செல் லப்பியேர் போன்றவர்கள், ஜூல் ஷோவே என்ற வியாபாரி-ஆய்வாளரின் வழியைப் பின்பற்றி, இரசாயனமும் சேர்க்கைகளும் குறைத்துச் செய்யத் தொடங்கியபிறகுதான் திரும்பவும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அறியப்படாமல் இருப்பதற்கு மௌனம் மட்டும் காரணம் அல்ல. தவறான புகழும் ஒருவகை மறைப்பு.

புகையிரதமும் பூச்சியும்

மத்தியதரைக் கடலோரம் இருக்கும் லாங்டொக்கின் கதை இன்னும் கடுமையானது. 1850களில் புகையிரதம் அந்தப் பக்கத்தைப் பாரிஸோடும் வடக்குத் தொழில் நகரங்களோடும் இணைத்தது. ஆலைத் தொழிலாளருக்கு மலிவு வைன் வேணும். லாங்டொக் சமவெளிகளில் அரமோன் என்ற திராட்சை ஹெக்டேயருக்கு 200 ஹெக்டோலீற்றருக்கும் மேலே தந்தது. நிறமும் இல்லை, பலமும் இல்லை, ஆனால் அளவு இருந்தது. இந்த மலிவு வைன் வடக்கே போகப்போக, கிழக்கு மலைப்பக்கமான ஜூரா போன்ற பழைய வைன் ஊர்களின் உள்ளூர்ச் சந்தையும் நொந்தது.

1863 அளவில் தெற்கே கொடிகள் காரணம் தெரியாமல் கருகத் தொடங்கின. 1868இல் மோன்பெலியேயைச் சேர்ந்த தாவரவியலாளர் பிளான்ஷோனும் நண்பர்களும் வேரைக் கிண்டிப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் சின்னப் பூச்சிகள். அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்த பிலொக்செரா. 1875இல் 8 கோடி 40 லட்சம் ஹெக்டோலீற்றராக இருந்த பிரெஞ்சு உற்பத்தி 1889இல் 2 கோடி 30 லட்சத்துக்கு இறங்கியது. கடைசியில் மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவது. ஒட்டுவதற்குக் காசு வேணும். காசு இருந்த இடங்கள் எழும்பின. இல்லாத இடங்களில் பல பழைய வகைகள் அப்படியே போய்விட்டன. ஜூராவில் 20,000 ஹெக்டேயர் அளவில் இருந்த தோட்டங்கள் இன்று 2,000 அளவில்தான்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் சீனியும் தண்ணியும் உலர்ந்த திராட்சையும் சேர்த்துப் போலி வைன் செய்யும் தொழில் வளர்ந்தது. தெற்கு மீண்டும் நட்டு முடித்தபோது சந்தை நிரம்பி வழிந்தது. விலை விழுந்தது. 1907 மார்ச்சில் அர்ஜெலியே என்ற கிராமத்தில் கோப்பிக்கடை நடத்திய மார்சலின் அல்பேர் 87 பேரோடு நார்போனுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் பெருகியது. யூன் 9 மோன்பெலியேயில் கூடியவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். யூன் 19, 20 இரண்டு நாளும் நார்போனில் சூடு. ஆறு பேர் செத்தார்கள். அந்தப் பகுதிப் பையன்களே அதிகம் இருந்த 17ஆம் படைப்பிரிவின் சிப்பாய்கள் ஐந்நூறு பேருக்கு மேல், ஆயுதத்தோடு இரவிரவாக நடந்து பெசியே நகரத்துக்கு வந்து சனத்தோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு அவர்களைத் துனீசியாவின் கஃப்சாவுக்கு அனுப்பினது அரசு.

அல்பேர் பாரிஸுக்குப் போய் கிளெமான்சோவைச் சந்தித்தார். திரும்பிப் போக ரிக்கற்றுக்கு எண்டு கிளெமான்சோ 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். பத்திரிகைகளுக்கும் சொல்லிவிட்டார். விலைபோனவர் என்ற பெயரோடு அல்பேர் ஊர் திரும்பினார். எண்டாலும் யூன் 29 வந்த சட்டம் கலப்படத்தைக் கட்டுப்படுத்தியது. இன்றைக்கு வைன் போத்தலில் நாங்கள் பார்க்கிற 'உண்மைத்தன்மை' என்ற எண்ணத்துக்குள் நார்போன் தெருவின் ரத்தமும் இருக்கிறது.

1935இல் ஜோசப் கபூ என்ற அரசியல்வாதியின் முயற்சியால் ஊர்ப்பெயரைச் சட்டத்தால் காக்கும் முறை வந்தது. எந்த ஊர்ப்பெயரை யார், எந்தத் திராட்சையில், எந்த அளவில் பாவிக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். போர்தோ, பேர்கண்டிப் பெயர்கள் கனக்க 1936, 37இலேயே வந்துவிட்டன. மதிரானுக்கு 1948. 1956 பெப்ரவரி உறைபனியில் ஏறக்குறைய அழிந்து திரும்பி எழுந்த காஓருக்கு 1971. 1907இல் தெருவில் நின்ற லாங்டொக்கின் கோர்பியேருக்கு 1985. இதற்கு விலக்கும் உண்டு. ஜூராவின் ஆர்புவா 1936இலேயே பெயர் பெற்றும் வெளியே அதிகம் தெரியாமல் இருக்கிறது. சட்டம் பெயரைக் காக்கும். சந்தையை அது கட்டித் தராது.

நாலு கிளாஸ்

இப்ப சுவைக்கு வருவோம். இது குடிக்கச் சொல்லி எழுதுகிற கட்டுரை இல்லை. வைன் சுவைப்பவர்கள் பெரும்பாலும் துப்பிவிடுகிறார்கள், எங்கட தேயிலைச் சுவைஞர்கள் மாதிரி. ஆனால் ஒப்பிட்டுச் சுவைக்கிற முறையில் வரலாறு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாம்.

இலேசிலிருந்து கடுமைக்குப் போகவேணும். முதலில் மோர்கோன். கமேயில் துவர்ப்பு குறைவு, செரிப்பழ மணம், கொஞ்சம் குளிர்த்திக் குடிக்கலாம். சில வருசம் வைத்தால் பினோ நுவாரை நினைவூட்டும் அளவுக்கு மாறும். அந்த மாற்றத்தைச் சொல்ல ஊர்ப்பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல்லைப் பிரெஞ்சுக்காரர் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கோர்பியேர். அதில் வருகிற கரிஞான் திராட்சை புளிப்பும் துவர்ப்பும் கூடியது. முந்தி அளவுக்காக நட்டது, பிறகு ஐரோப்பிய மானியத்தில் கனக்கப் பிடுங்கப்பட்டது. பிடுங்காமல் மிஞ்சிய முதிய கொடிகளில் காய்ப்பு குறைவு, சாரம் அதிகம். மூன்றாவது காஓர்: கறுப்புக்குக் கிட்டவான நிறம், பிளம்ஸ் மணம், நல்ல பிடிமானம். நாலாவது மதிரான். அதன் திராட்சையான தனா, துவர்ப்புக்குப் பேர்போனது. சாயம் கூடின பிளேன்ரீயைச் சீனி இல்லாமல் குடித்தால் நாக்கும் பல்லும் பிடிக்குமே, அந்த உணர்வு. தேயிலையிலும் வைனிலும் அதற்குக் காரணம் தனின் வகைப் பொருள்கள்தான். அதை மென்மையாக்க, வைனுக்குள் மிகச் சிறிய அளவில் ஒட்சிசனை விடுகிற முறையை 1990களின் தொடக்கத்தில் மதிரானின் பத்ரிக் துகுர்னோ உருவாக்கினார். பிறகு அதைப் போர்தோக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நாலையும் போர்தோவை மனதில் வைத்து அளந்தால் என்ன வரும்? மோர்கோன் 'மெலிசு', கோர்பியேர் 'புளிப்பு', காஓர் 'முரடு', மதிரான் 'காட்டுத்தனம்'. சொற்களே தண்டனை மாதிரி. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை மூடி, ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் அதே குணங்கள் வேறு பெயர் பெறும்.

நாக்கு அப்படி ஒன்றும் சுதந்திரமானது இல்லை. 2001இல் வெளியான ஒரு ஆய்வில் போர்தோவில் வைன் படித்த 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை வைனையும், அதே வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். இதை வைத்து வைன் சுவைப்பவர்களைக் கேலி செய்வது இலகு. எனக்கு அதில் தெரிவது வேறு. கண் பார்த்ததை நாக்கு திருப்பிச் சொல்லும் என்றால், காது கேட்ட ஊர்ப்பெயரையும் அது திருப்பிச் சொல்லத்தானே செய்யும்? அந்த ஊர்ப்பெயருக்குள் துறைமுகச் சலுகையும் கோமகன் கட்டளையும் தரகர் விலையும் இருக்கின்றன.

ஊற்ற முடியாத கிளாஸ்

ஐந்தாவதாக ஒன்று வைக்கவேணும். அது எந்தக் கடையிலும் கிடையாது.

பிலொக்செரா பிரான்ஸை வெறுமையாக்கியபோது நிலமிழந்த விவசாயிகள் பலர் அல்ஜீரியாவுக்குப் போனார்கள். அங்கே பிரெஞ்சு அரசு அல்ஜீரியரிடமிருந்து பறித்த நிலம் இருந்தது. 1930களில் அங்கு 4 லட்சம் ஹெக்டேயர் அளவில் திராட்சை. உலகத்தில் ஆகக்கூடுதலாக வைன் ஏற்றுமதி செய்த நாடு அல்ஜீரியா. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் அந்த வைனைத் தொடாத முஸ்லிம்கள். நிறமும் பலமும் கூடிய அந்தச் சிவப்பு வைன் கப்பலில் பிரான்ஸுக்குப் போய், மெலிந்த லாங்டொக் வைனோடும் வேறு வைன்களோடும் கலந்து, பாரிஸ் தொழிலாளியின் மேசைக்கு வந்தது. ஒரு காலத்தில் காஓர் செய்த அதே வேலை. ரோலன் பார்த் 1957இல் வெளியான 'மித்தொலொஜி' நூலில், வைன் என்கிற பிரெஞ்சுத் தேசியப் பெருமைக்குப் பின்னால் அல்ஜீரிய நிலப்பறிப்பு இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

1962இல் சுதந்திரம் வந்தது. பிரான்ஸ் படிப்படியாக வாங்குவதை நிறுத்தியது. சோவியத் ஒன்றியம் கொஞ்சக்காலம் மலிவு விலைக்கு எடுத்தது. பிறகு கொடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன.

காஓருக்கு இன்று ஒரு பெயராவது திரும்பக் கிடைத்திருக்கிறது. அதுவும் சுற்றுப்பாதையில். 1853இல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சு விவசாய நிபுணர் ஆர்ஜென்ரீனாவின் மென்டோசாவுக்குக் கொண்டுபோன மால்பெக் அங்கே உலகப்புகழ் பெற்றது. அந்தப் புகழைப் பார்த்து, இப்போது காஓர்க்காரர்கள் தங்கள் போத்தலில் 'மால்பெக்' என்று பெரிதாகப் போடுகிறார்கள். அல்ஜீரிய வைனுக்கு அப்படித் திரும்பி வர ஒரு பெயர் இருக்கவில்லை. ஆகக் குறைவாக அறியப்பட்ட பிரெஞ்சுச் சிவப்பு வைன் எது எண்டு யாரும் கேட்டால் நான் அதைத்தான் சொல்லுவேன். கோடிக்கணக்கானோர் குடித்தார்கள், எவருக்கும் பெயர் தெரியாது.